கெளுத்திக்கு வராத வாசம்

நெருங்கி உட்காருங்க, சின்னக் கதைதான். கடலில் பிறந்த விலாங்குக் குஞ்சுகள் ரெண்டு, அக்காவும் தம்பியும், வளர்வதற்காக ஓர் ஓடைக்குள் ஏறி வந்தன. மேலே யாரோ அமிலத்தைக் கொட்டிவிட்டதால் தண்ணீர் புளித்துக் கிடந்தது. தம்பிக்குச் செவுள் எரிந்தது.

“போகப் போகப் பழகிடும் மருமகனே,” என்றது அங்கேயே குடியிருந்த கெளுத்தி. “எனக்கு இப்ப எரிச்சலும் இல்லை, எந்த வாசமும் இல்லை. நிம்மதியா இருக்கேன்.”

“மாமா, உங்க பின்னால தண்ணிப்பாம்பு வருது,” என்றது அக்கா.

கெளுத்தி திரும்பவில்லை. மீசையை ஆட்டி மோந்து பார்த்தது. “பாம்பு வந்தா எனக்குத் தெரியாதா? வாசமே இல்லையே.”

“எனக்கும் வரலை அக்கா,” என்றது தம்பி. “சும்மா பயமுறுத்தாதே.”

அக்கா தம்பியின் வாலைக் கவ்விக் கடல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.