முதல் சலவை

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

வகுப்பில் மற்ற பதினான்கு தலைகளும் சொல்லி வைத்தாற்போல் மேஜை மேல் கவிழ்ந்தன. மறுபடியும் அவன்தான். எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவதால் அவனுக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். ஆனாலும் முதல் வரிசையில் முதல் நாற்காலி அவனுக்குத்தான்.

“கேளுப்பா” என்றார் தையல் டீச்சர், ஆசையாக.

“புதுத் துணியை எதுக்கு நனைக்கணும்? அப்படியே வெட்டித் தைச்சா என்ன?”

டீச்சர் மேஜை மேலிருந்த முரட்டுப் பருத்தித் துணியைத் தூக்கிக் காட்டினார்.

“இது விறைப்பா நிக்குதே, அது துணியோட குணம் இல்ல. கஞ்சியோட குணம். தண்ணியில போட்டாதான் சுயரூபம் தெரியும். புது மாப்பிள்ளையை முதல் வாரத்தை வச்சு எடை போட முடியுமா? அந்த மாதிரிதான்.”

வகுப்பு சிரித்தது. சந்தேகம் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தான்.

“முதல்ல, வெட்டின ஓரத்துல நூல் பிரியாம ஒரு தையல் ஓட்டணும். ஈரமான வெள்ளைத் துணியால ஒரு மூலையைத் தேய்ச்சு, சாயம் போகுதான்னு பார்க்கணும். அப்புறம் மடிப்பைப் பிரிச்சு, நாள் முழுக்க ஊறப் போடணும். முறுக்கிப் பிழியக் கூடாது. நிழல்ல காயப் போட்டு, லேசா ஈரம் இருக்கும்போதே இஸ்திரி. சுருங்க வேண்டியதெல்லாம் அப்பவே சுருங்கிடும்.”

“நனைக்காம தைச்சா எவ்வளவு சுருங்கும் டீச்சர்?”

“முழத்துக்கு ரெண்டு விரல் போயிடும்.”

“போட்டவுடனே தெரிஞ்சிடுமா?”

“எங்க தெரியும்? போடும்போது கச்சிதமாத்தான் இருக்கும். முதல் சலவையிலதான் குட்டு வெளிப்படும்.”

“வெந்நீர்ல துவைச்சா?”

“கேட்கவே வேணாம். அப்பன் சட்டை பிள்ளைக்கு ஆயிடும்.”

அத்தனையையும் அவன் எழுதிக்கொண்டான். டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முன்பு வேறொரு தையல் பள்ளியில் இருபது வருஷம் கற்றுக்கொடுத்தவர் அவர். அங்கே காஜா எடுக்கும் பாடம் வருவதற்குள் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். இங்கே வந்த இந்த ஐந்து மாதத்தில் ஒருவர்கூடத் தாமதமாக வந்ததில்லை. லீவு என்று யாரும் வாய் திறந்ததில்லை. வருகைப் பதிவேடு நூற்றுக்கு நூறு!

அதனால்தான் இந்த இடத்துக்குப் பொறுப்பான அதிகாரி துணிந்து முதல் ஆர்டரைக் கொடுத்திருந்தார். அவருக்கும் அவர் கீழே வேலை பார்க்கிறவர்களுக்குமாக முப்பது சீருடைகள். “இது நல்லபடியா வந்தாதான் டீச்சர், இந்த வகுப்பு தொடரும்” என்று அவர் சொன்னதிலிருந்து டீச்சருக்கு ஒரே கவலைதான்.

“சரி, முப்பது பேர் துணி. யார் நனைச்சு எடுக்கிறது?”

ஈரமான முரட்டுத் துணி கல்லு மாதிரி கனக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

“நான் பார்த்துக்கறேன் டீச்சர்” என்றான் சந்தேகம். “நீங்க கவலையை விடுங்க.”

இரண்டு நாள் கழித்துத் துணிகள் வரிசையாக மேஜைக்கு வந்தன. ஓரங்களில் தையல் நூல் பிடித்தாற்போல் ஓடியிருந்தது. டீச்சர் தடவிப் பார்த்தார். கொஞ்சம் மொரமொரப்பாக இருந்ததோ?

“நல்லா நனைச்சியாப்பா?”

“நனைச்சு, நிழல்ல காயப் போட்டு, ஈரப் பதத்துல தேய்ச்சாச்சு டீச்சர். கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுட்டேன், அதான் விறைப்பு.”

இவ்வளவு பொறுப்பான மாணவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார். வகுப்பே மும்முரமாக வெட்டித் தைத்தது. சீருடைகள் போய்ச் சேர்ந்த அன்று, கச்சிதமாக இருக்கிறது என்று அதிகாரி ஆளனுப்பிச் சொன்னார். அன்றைக்கே டீச்சர் வீட்டில் உட்கார்ந்து, ‘என் உதவி ஆசிரியராக இவரையே நியமிக்க வேண்டும்’ என்று இரண்டு பக்கத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தவர் திகைத்துப் போனார். முதல் நாற்காலி காலி.

“சந்தேகம் எங்கப்பா?”

குனிந்த தலைகளுக்குக் கீழே தோள்கள் மட்டும் குலுங்கின.

அப்போது அதிகாரி வந்தார். வழக்கமான மிடுக்கு இல்லை. புதுப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தவர், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். பேன்ட் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

“டீச்சர், துணியை நனைச்சுத்தானே தைச்சீங்க?”

“ஆமா சார்… என்ன ஆச்சு சார்?”

“சனிக்கிழமை முப்பதையும் மொத்தமா வெந்நீர்ல போட்டுத் துவைச்சாங்க. இன்னைக்குக் காலையில மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மாட்டினோம்.”

“தங்கமான பையன் சார், பொய் சொல்ல மாட்டான். அவனையே கூப்பிட்டுக் கேட்டுடலாமே?”

“கூப்பிடலாம், கூப்பிடு தூரத்துல இருந்தா!” அதிகாரி சுவரை விட்டு இம்மியும் நகராமல் சொன்னார். “இன்னும் எட்டு வருஷம் தண்டனை பாக்கி இருக்கு, இன்னைக்குக் காலையில சிறை மதிலைத் தாண்டிட்டான். காவலுக்கு நின்ன பதினோரு பேரும் விரட்டினோம், பத்தடி ஓடறதுக்குள்ள ஆளாளுக்குப் பின்னால கையை வச்சுக்கிட்டு நின்னுட்டோம். பூட்டு உடையல டீச்சர், கம்பி வளையல. கிழிஞ்சதெல்லாம் எங்க பேன்ட்டுதான்!”