'க்வைட்' என்றால் சுமாரா?

"தொட்டீங்கன்னா கத்திடுவேன், டாக்டர். தள்ளியே நில்லுங்க."

ஆங்கிலப் பேராசிரியர் கட்டிலில் விறைத்து உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது தோள்மூட்டு நழுவியிருந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டிருந்ததால் உடனே மயக்க மருந்து கொடுக்க முடியாது. உடம்பைத் தளர்த்தினால் மருந்தில்லாமலே சரிசெய்துவிடலாம். அவரோ, யார் கை நெருங்கினாலும் கல்லாக இறுகினார்.

"சரி, பயப்படாதீங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள் அந்த இளம் டாக்டர். "எக்ஸ்ரே பார்த்தேன். எலும்பு க்வைட் பெர்ஃபெக்ட். அதாவது, சுமாரா இருக்கு."

பேராசிரியரின் புருவம் உயர்ந்தது. "சுமாரா? 'க்வைட்'டுக்கு அதுவா அர்த்தம்?"

"ஆமா சார். 'க்வைட்'னா ஓரளவு. எப்பவுமே." சொல்லிக்கொண்டே அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

கால்மாட்டில் நின்ற மனைவி தலையாட்டினாள். "நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கேன்."

"நீ சும்மா இரு. உனக்கும் இங்கிலீஷுக்கும் ஏழாம் பொருத்தம்." டாக்டரிடம் திரும்பினார். "'க்வைட் குட்'னா ஓரளவு நல்லது, ஒத்துக்கறேன். நல்லதுல கூடக் குறைய உண்டு. 'பெர்ஃபெக்ட்'னா குறையே இல்லாதது. அதுல பாதின்னு உண்டா? அங்க 'முழுக்க'ன்னு அர்த்தம்."

"அப்போ 'க்வைட் டெட்'?" கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினாள்.

"முழுசா செத்துட்டான். ஓரளவு செத்தவனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"நைட் டியூட்டி முடிஞ்சு வர்றவங்களைப் பாருங்க சார்."

"விளையாடாதீங்க. பின்னால வர்ற சொல்லை அளக்க முடியுமான்னு பாருங்க. முடிஞ்சா 'ஓரளவு'. முடியலைன்னா 'முழுக்க'. இதுகூடத் தெரியாம எப்படித்தான் டாக்டருக்குப் படிச்சு..."

'டொக்' என்று ஓர் ஓசை. பேராசிரியர் பேச்சை நிறுத்தினார். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். உயிர்போன வலியைக் காணவில்லை.

தோளில் கட்டுப் போட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுக்க அவரை அழைத்துப் போனார்கள். போகிறபோதும், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, இலக்கணம் சொல்லித் தர்றேன்" என்றபடியே போனார்.

கதவு மூடியதும் டாக்டர் மனைவியிடம் வந்தாள்.

"வெளியே நீங்க சொல்லிக் குடுத்த தப்பை ஒரு எழுத்து மாறாம ஒப்பிச்சேன், மேடம். இது பலிக்கும்னு எப்படி அவ்வளவு நம்பிக்கையா சொன்னீங்க?"

"கல்யாணமான புதுசுல அவர் பல்வலியில துடிச்சப்போ, வாய் தவறி ஒரு வார்த்தையைத் தப்பா சொன்னேன். வலி பறந்துடுச்சு" என்றாள் மனைவி. "அன்னியிலேர்ந்து அவர் முன்னாடி நான் சரியா இங்கிலீஷ் பேசுறதை விட்டுட்டேன்."