அலமாரியில் பூட்டிய ஷூ

மாரத்தானில் நான்கு முறை நாட்டிலேயே முதலாவதாக வந்தவர் அவள் கணவர். ஐந்தாவது ஓட்டத்தில், எல்லைக்கோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் விழுந்தவர் எழவே இல்லை. ஊரே அழுதது. அவருடைய ஷூவை அவள் பதக்கங்களோடு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாதாமாதம் அந்த ஷூவின் சோல் தேய்ந்தது. மாதாமாதம் அவளும் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனாள்.

"போன மாசம்தானே புதுசு ஒட்டினேன், அக்கா? யாரு போட்டுக்கிட்டு ஓடுறாங்க?" என்றார் கடைக்காரர்.

"அவர்தான். வேற யாரு?"

கடைக்காரர் வழக்கமான சோல் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இதவிட கனமா இருந்தா போடுங்க, தம்பி," என்றாள் அவள். "சீக்கிரம் களைச்சுப் போயி வீட்டுக்கு வரட்டும்."