இன்னொரு கரண்டிச் சோறு

கேண்டீன்காரர் மூன்று கரண்டி போட்டார். அவள் தட்டை நகர்த்தவில்லை.

இன்னொரு கரண்டியும் விழுந்தது.

இவ்வளவு சோற்றைப் பக்கத்தில் பார்த்து ஏழு மாதம் ஆகிறது.

தட்டோடு வந்து உட்கார்ந்தாள். எதிர் பெஞ்சில் பூங்கோதை. தலை நிமிரவில்லை. நடுவில், மேசைமேல், ஒரு சீட்டு.

காலையில் பர்மிஷன் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இவள் வாங்கிவந்த சீட்டு அது. தினம் ஒரு முட்டை. மதியம் இன்னொரு கரண்டிச் சோறு. சாயங்காலம் ஒரு கைப்பிடி சுண்டல்.

கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி எழுதியிருந்தது.

"இதையேதானம்மா போன மாசம் ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்தனுப்புனேன்? உங்க ஃப்ரெண்டு தரலையா?"

ஆஸ்பத்திரியில் டயட்டீசியன் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். அவள்தான் சீட்டை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள்.

அவளுக்குக் குடலிறக்கம். எழுபது கிலோவுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி. அதுவரை அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டுதான் இருமலும் தும்மலும்.

பூங்கோதைக்கு எந்த வியாதியும் கிடையாது. எடை குறைப்பதில் துணைக்கு வருகிறேன் என்று அவளாகத்தான் சேர்ந்துகொண்டாள்.

இருவருக்கும் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. பக்கத்துப் பக்கத்து வீடு. வாய்க்கு ஏமாற்றத் தெரியும் என்பதால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இவளுடைய மதிய டப்பாவைப் பூங்கோதை கட்டுவாள். பூங்கோதையின் டப்பாவை இவள் கட்டுவாள். ஒரு கை சோறு, நிறைய வெள்ளரிக்காய். கட்டியவள் கொடுத்ததற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது.

சனிக்கிழமைதோறும் அட்டைப்பெட்டி எடை போடும் தராசில் ஏறி நிற்பார்கள். பேக்கிங் லைனே கூடி வேடிக்கை பார்க்கும்.

முதல் ஐந்து மாதம் இருவருக்கும் எடை இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

இவளுக்கு எழுபத்து நான்கு கிலோ இருநூறு கிராம். அடுத்த சனியும் அதே. அதற்கடுத்த சனியும் அதே. தராசு கெட்டுவிட்டதோ என்று ஒரு பெட்டியைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். தராசு நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஷிப்மென்ட் நெருக்கடி. ஒருத்திக்குத்தான் பர்மிஷன் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எனக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வா என்று பூங்கோதையை அனுப்பினாள்.

"அப்படியே கண்டினியூ பண்ணச் சொன்னாங்கக்கா."

வந்து அவ்வளவுதான் சொன்னாள்.

இவளும் அப்படியே செய்தாள். அது போதாது என்று பட்டது. தன் உடம்புதான் தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். சாயங்கால டீயை விட்டாள். காலை இட்லி ஒன்றானது, பிறகு பாதியானது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி.

டப்பாவில் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கட்டு புள்ள என்று இவளே கேட்டாள்.

பூங்கோதை குறைத்துக் கட்டினாள்.

முட்டையையும் சுண்டலையும் வீட்டிலேயே தின்று முடித்துவிட்டு, தன் கையால் அந்த டப்பாவைக் கட்டியிருக்கிறாள். கட்டி, மூடி, கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். நான்கு சனிக்கிழமையில் நாலரை கிலோ இறங்கி, லைனே கைதட்டியபோது சிரித்துக்கொண்டு நின்றாள். இவளும் சேர்ந்து கைதட்டினாள்.

அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எதிரி செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

"எல்லாரும் எப்பவும் உங்களத்தான் மெச்சுவாங்க. ஒருக்காவாவது உங்களுக்கு முன்னால எறங்கிக் காட்டோணும்னு ஆசப்பட்டுட்டனுங்க அக்கா."

பூங்கோதை அழுதாள். அழட்டும்.

அவள் சோற்றைப் பார்த்தாள்.

பட்டினி போட்டால் உடம்பு பயந்துபோய் வருவதையெல்லாம் பதுக்கிக்கொள்ளும், கொஞ்சம் கூட்டிச் சாப்பிட்டால்தான் மறுபடி இறங்கும் என்று டயட்டீசியன் அம்மா பொறுமையாக விளக்கியிருந்தார். கேட்டபோது புரிந்தது. தட்டைப் பார்த்தால் புரியவில்லை. ஒவ்வொரு பருக்கையும் கிராம் கிராமாகத் தெரிந்தது. சனிக்கிழமை தராசில் எழுபத்தைந்து என்று வந்துவிட்டால்? தேதி தள்ளிப்போனால்?

போகட்டும். பூங்கோதை ஏமாற்றியதற்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

அந்தக் கோபம் உதவியது. குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். பசி என்ற ஒன்று உடம்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. ஒரு கவளம் உருட்டினாள். கை வாய்வரை போய்விட்டது.

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

"சாப்பிடுங்கக்கா. இதுல ஒண்ணும் எடை ஏறிராது."

டயட்டீசியன் அம்மா சொன்னதும் இதைத்தான். சீட்டில் இருந்ததும் இதுதான். பூங்கோதை இந்த முறை பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அப்படியே கண்டினியூ பண்ணச் சொன்னதும் இதே வாய்தான்.

கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

பாதிச் சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

பிறகு மிச்சத்திலும் பாதியை.