மேட்டுக்கு ஏறாத வீடு

“போச்சு! இந்த வாட்டியும் தேன்காரர் வீட்டை ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு!”

கூடத்தில் ஒரே சிரிப்பு. வீடு போனவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

வீடு என்பது ஒரு கட்டைவிரல் அளவு மரக்கட்டை. தரையில் விரித்திருந்த துணியில் அந்தக் காட்டுக் குடியிருப்பையே வரைந்திருந்தார்கள், ஆறும் பாறையும் மேடுமாக. ஒரு சுற்று என்றால் ஒரு வருஷம். மழைச் சீட்டைப் புரட்டுவதற்குள் அவரவர் வீட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

இதைக் கொண்டுவந்த பெண்ணுக்கு ‘விளையாட்டம்மா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மழை முன்னைப்போல இல்லை, ஆறு வருஷா வருஷம் உள்ளே வருகிறது, பேசித் தீராததை விளையாடித்தான் பார்ப்போமே என்று வந்தவள். விதியெல்லாம் அவள் போட்டது. ஒன்றை மட்டும் குடியிருப்புக்காரர்கள் சேர்த்தார்கள். வீடு போனவரை யாராவது கூப்பிட்டுத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிஜத்திலும் அவர்கள் அப்படித்தான்.

“எங்க வீட்டுக்கு வாங்க பெரியப்பா. ஆனா குறட்டை விட்டீங்க, திரும்ப ஆத்துலயே கொண்டு விட்டுடுவேன்” என்றாள் கூடை பின்னுகிறவள்.

“நம்ம புள்ளைங்க அவரைத் தூங்க விட்டாத்தானே குறட்டை!” என்றான் அவள் புருஷன்.

ஆளுக்கு அடையாளமாக ஆளுக்கொரு புளியங்கொட்டை. தேன்காரர் தன் கொட்டையை எடுத்து, அவர்கள் வீட்டுக் கொட்டைகளுக்கு நடுவே மெல்ல நகர்த்தி வைத்தார்.

விளையாட்டம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்தது கடைசிச் சுற்று. அதில் கட்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் நிஜ மனை என்று ஊர்கூடிப் பேசியாகிவிட்டது. ஆற்றோரத்தில் நிற்பவருக்கு மேட்டில் இடமில்லை.

எல்லோருக்கும் புதுக்கட்டை கொடுத்தாள். கட்டைகள் ஒவ்வொன்றாக மேடேறின.

“அங்க பாறை சரியும்டா. இன்னும் கொஞ்சம் மேல தள்ளு” என்று பக்கத்து ஆளுக்கு இடம் காட்டினார் தேன்காரர். மேகம் கூடுவதற்கு முன்பே மழையை மோந்து சொல்கிற மனுஷர். அவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

பிறகு தன் கட்டையை எடுத்தார். நேராக ஆற்றோரத்தில் வைத்தார்.

“சரியான பிடிவாதம்யா உமக்கு!” என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எப்போதும்போல அவர் மட்டும், துணியை மடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

விளையாட்டம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஐயா, இது வெறும் விளையாட்டு இல்ல. நிஜமாவே உங்களுக்கு மேட்டுல மனை கிடைக்காது.”

“தெரியும்மா.”

“வீட்டுக்காரம்மா இருந்த வீடு, விட்டு வர மனசில்லையா?”

“அவ போய்ச் சேந்து எத்தனையோ மழை பேஞ்சாச்சு. இப்ப அங்க என்ன இருக்கு? ஒரு பானை, ஒரு பாய், நான்.”

“அப்புறம் என்னய்யா? வெள்ளம் வரும்னு நம்பிக்கை இல்லையா?”

“வரும்மா. நிச்சயமா வரும்.”

அவள் கட்டையை எடுத்து மேட்டில் வைக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார். யாராவது கேட்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார். பிறகு, ரகசியம் சொல்கிற சின்னப் பிள்ளைபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“வீடு போனாத்தாம்மா யாராச்சும் வான்னு கூப்பிடுறாங்க.”