பழைய விலை

"ஒரு முறம் இறால் ரெண்டு ரூபாயா? அநியாயமா இல்ல?" என்றார் கொளஞ்சியப்பன்.

பிச்சாவரத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கூடை சுமந்து வந்திருந்த அஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாந்தான் ஏறிப்போச்சுங்களே ஐயா."

"நான் சின்னப் பையனா இருக்கையில காலணாவுக்கு மூணு ஆப்பம் விப்பாங்க. உங்கம்மாதான் எங்க வீட்டுக்கு இறால் கொண்டாரும். காசா கேட்டுச்சு? ஒரு மரக்கா நெல்லு அளந்து போட்டா, முறம் நெறையக் கொட்டிட்டு, சிரிச்சிக்கிட்டே போவும். அவுங்கல்லாம் மனுசங்க. இப்ப இந்த அறுபத்தாறாம் வருசத்துல எவனுக்கு மனசாட்சி இருக்கு?"

அஞ்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்கய்யா. எங்கம்மா குடுத்த வெலைக்கே குடுக்கறேன். ஒரு மரக்கா நெல்லு அளந்துடுங்க. மூணு நாளா வீட்ல மரவள்ளிக் கெழங்குதான் வேவுது."

"அப்படி வா வழிக்கு!"

மரக்காலை எடுக்கத் திரும்பினார் கொளஞ்சியப்பன். அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதற்கு நேர் மேலே, கூரையைத் தொட அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு நடுவில், ஒரு கரும்பலகை தொங்கியது.

'கொளஞ்சியப்பன் நெல் மண்டி. இன்றைய விலை: மரக்கால் மூன்று ரூபாய்.'

காலையில்தான் இரண்டரையை அழித்துவிட்டு அவரே தம் கையால் எழுதியிருந்தார்.

எடுத்த மரக்காலை இருந்த இடத்திலேயே வைத்தார். மடியிலிருந்து இரண்டு ரூபாயை உருவி நீட்டினார்.

"இந்தா, புடி. காலம் மாறிப்போச்சு அஞ்சம்மா. பழசையே பேசிக்கிட்டிருந்தா பொழப்பு நடக்குமா?"