தீவில் வேலை

“தீவுல வேலை கெடைச்சிருக்குது. நாளைக்கே கெளம்பணும்” என்றார் கலியபெருமாள்.

மனைவி வைஜெயந்தி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். “நெசமாவா? எப்படிங்க இருக்கும் அந்த எடம்?”

“நாலு பக்கமும் தண்ணி. தனி வீடு. சுத்தமான காத்து. முக்கியமா, ஒரு சத்தம் கெடையாது.”

“அப்ப நானும் வர்றேன்.”

“குடும்பத்துக்கு பர்மிஷன் இல்லடி” என்றார் அவசரமாக.

“பாஸ்போர்ட்டு?”

“எல்லாம் ஓனரு பாத்துக்குவாரு.”

விடிவதற்குள் மரக்காணம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தெருவே திரண்டு வந்து மாலை போட்டு, அவரைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஏர்போர்ட்டுக்கு வழி சொல்லும்படி கண்டக்டரிடம் ஒப்படைத்தது.

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிய கலியபெருமாள், மாலையோடு திரும்பி நடந்தார். மழையில் உப்பளம் மூழ்கி ஏரியாகக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து, நடு மேட்டில் இருந்த காவல் ஷெட்டை அடைந்தார். மழைக்காலம் முடியும் வரை அங்கிருக்கும் உப்புக் குவியல்களுக்கு அவர்தான் காவல். வைஜெயந்தியின் வாயிலிருந்து மூன்று மாத விடுதலை!

ஷெட் பூட்டியிருந்தது. சாவி வாங்க மறந்திருந்தார்.

“ஏங்க!”

கரையில் வைஜெயந்தி நின்றிருந்தாள். தலையில் டிரங்குப் பெட்டி, கையில் சாவி.

“ஓனரு வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனாரு. குடும்பத்தோட தங்கினாலும் பரவால்லன்னு சொல்லிட்டாரு!”

தண்ணீரில் கால் வைத்தவள், சட்டென்று நின்றாள்.

“பாஸ்போர்ட்டு ஏதாச்சும் கேப்பாங்களா?”